அரிய சில்லுகளும் அவற்றின் விலையும்: கேள்வி–நிரம்பல் சமநிலை பற்றிய ஒரு நோக்கு

க.பொ.த. உயர்தர வகுப்பிலே பொருளியல் கற்ற எவரும் மறந்துவிடாத வரைபடம் ஒன்றுண்டு. இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் கேள்விக் கோடு. மேலேறும் நிரம்பற் கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியிலே சமநிலை விலை. அப்புள்ளியில் வாங்க முன்வருவோர் அனைவருக்கும் பண்டம் கிடைக்கும், விற்க முன்வருவோர் அனைவரும் விற்றுவிடுவர், வரிசையில் எவரும் நிற்கவேண்டியதில்லை என்று அவ்வரைபடம் கூறுகின்றது. ஆனால் 2024 செப்டெம்பரில், ஒராக்கிள் கம்பனியின் தாபகர்களுள் ஒருவரான லரி எலிசன் நிதி ஆய்வாளர் கூட்டமொன்றிலே ஒரு சம்பவத்தைச் சுவைபட விவரித்தார். தாமும் ஈலோன் மஸ்க்கும் பாலோ அல்ரோ நகரின் யப்பானிய உணவகம் ஒன்றுக்கு என்விடியா கம்பனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கை இரவுணவுக்கு அழைத்துச் சென்று, தமது பணத்தை ஏற்றுக்கொண்டு சில்லுகளைத் தருமாறு இரந்ததாக அவர் கூறினார். உலகின் முதற் செல்வந்தருள் இருவர், கையிலே பணத்தை வைத்துக்கொண்டு, பண்டத்துக்காக இரந்து நிற்கின்றனர். விலையே கேள்வியையும் நிரம்பலையும் சமப்படுத்துவதாயின் இந்த இரவுணவுக்குத் தேவை யாது?

இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடைகாண முயல்கின்றது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் இத்துறையினுள் நுழைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் அகராதி ஆக்கம், பழைய அச்சுப் பிரதிகளின் எழுத்துணர்தல், பேச்சை எழுத்தாக்கல், மொழிபெயர்ப்பு ஆகிய பணிகள் யாவும் இன்று பெருமளவு கணிப்பாற்றலை வேண்டி நிற்கின்றன. அவ்வாற்றல் எவருக்கு, எந்நிபந்தனையின் பேரில் கிட்டுகின்றது என்பதைப் பொறுத்தே எந்த மொழிகளில் இவ்வாய்வுகள் நடைபெறும் என்பதும் அமைகின்றது. எமது முற்போக்கு வட்டாரங்களில் இவ்விடயம் பேசப்படும்போது இரண்டு எளிய முடிபுகளே காதில் விழுகின்றன. விலைப் பொறிமுறை என்பது முதலாளித்துவத்தின் வெறும் ஏமாற்று என்பது ஒன்று. சந்தையைத் தடையின்றி இயங்கவிட்டால் தட்டுப்பாடு தானே நீங்கும் என்பது மற்றையது. இது அண்மைக்காலத்தில் முற்போக்காளர் சிலரிடமும் குடிபுகுந்துள்ளது. இரண்டும் போதா என்பதே எமது கருத்து. விலை இரு வேறு பணிகளைச் செய்கின்றது. ஒரு பண்டத்தின் அருமையை அது அறிவிக்கின்றது. அவ்வருமையிலிருந்து எழும் வருமானம் எவரைச் சேரும் என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்து நோக்காதவிடத்துக் குழப்பமே எஞ்சும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலிமைமிக்க வடிவிலே எடுத்துக்கொள்வது ஆய்வு நேர்மையாகும். ஒஸ்திரியப் பொருளியலாளரான பிரெடரிக் ஹயெக், சமூகத்தில் அறிவு எவ்வாறு பயன்படுகின்றது என்பது பற்றி 1945இல் எழுதிய கட்டுரையில் வெள்ளீயத்தை உதாரணமாகக் கொண்டார். உலகில் எங்கோ ஓரிடத்து நிரம்பல் குன்றியிருக்கலாம். அல்லது வெள்ளீயத்துக்குப் புதியதொரு பயன்பாடு தோன்றியிருக்கலாம். எது நிகழ்ந்தது என்பதை அதனைப் பயன்படுத்துவோர் அறியவேண்டியதில்லை. விலை ஏறியதும் அவர்கள் சிக்கனமாகின்றனர். மாற்றுப் பொருள் தேடுகின்றனர். எந்த அமைச்சும் சுற்றறிக்கை அனுப்பாமலே ஆயிரக்கணக்கானோரின் நடத்தை மாறுகின்றது. இது பெரியதோர் உண்மை. இதனை மறுப்பதால் மார்க்சியத்துக்கு எவ்வித ஆதாயமும் இல்லை. மார்க்ஸ் தாமே மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், பத்தாம் அதிகாரத்தில், கேள்வி நிரம்பலின் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் எழுப்பிய தடை வேறு. இரண்டும் சமமாகும்போது அவை ஒன்றையொன்று ஈடுசெய்து செயலற்றுப் போகின்றன. எனவே விலை ஏன் குறித்தவொரு மட்டத்திலே நிற்கின்றது என்பதற்கு அவை விளக்கமாகமாட்டா. கோடுகள் வெட்டும் புள்ளியைப் பார்ப்பதோடு நில்லாது, அக்கோடுகளை வரைந்த சக்திகள் யாவை என்று கேட்கவேண்டியுள்ளது.

சில்லைப் பொறுத்தவரை நிரம்பற் கோட்டை வரைந்தது எது? சிலிக்கன் மணலிலிருந்து பெறப்படுவது. புவியோட்டில் ஒட்சிசனுக்கு அடுத்தபடியாக மிகுந்து கிடப்பது. மூலப்பொருளிலே அருமை இல்லை. அருமை உற்பத்திச் சாதனங்களில் உள்ளது. 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் தகடு ஒன்று பல நூறு செய்முறைப் படிகளைக் கடந்து முடிவுற்ற சில்லுகளாக வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்களோ அதற்கு மேலோ செல்லும். முன்னணித் தரத்திலான ஆலையொன்றை அமைக்க இரண்டு மூன்று ஆண்டுகளும் 10 முதல் 20 பில்லியன் டொலர் வரையிலான மூலதனமும் வேண்டும். மிக நுண்ணிய கோலங்களைத் தகட்டிலே பதிக்கும் புறஊதாக் கதிர் இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரேயொரு கம்பனிதான் செய்கின்றது. ஓர் இயந்திரத்தின் விலை 150 மில்லியன் டொலருக்கும் அதிகம். அதிநுட்பச் சில்லுகளுள் மிகப் பெரும் பங்கு ரி.எஸ்.எம்.சி. என வழங்கும் தாய்வான் கம்பனியின் ஆலைகளிலே உருவாகின்றது. ஆகவே இன்று விலை இருமடங்கானாலும் அடுத்த மாதம் குறிப்பிடத்தக்க அளவில் மேலதிகச் சில்லுகள் வரப்போவதில்லை. பாடநூலிலே மேலேறிச் செல்லும் நிரம்பற் கோடு இங்கே செங்குத்தாக நிற்கின்றது. இந்நிலையில் விலை உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றே. அது கேள்வியைக் குறைக்கின்றது. வெளிப்படையாகக் கூறின், வாங்க வந்தோரில் ஒரு பகுதியினரை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றது.

இதனை எம் நாட்டவருக்கு விரிவாக விளக்கவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெற்றோல் விலை ஒரு லீற்றர் 470 ரூபாவரை உயர்த்தப்பட்ட பின்னரும் வரிசைகள் நீண்டே கிடந்தன. அந்நியச் செலாவணி இல்லாதபோது எந்த விலையும் கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதில்லை. இறுதியில் வரிசையைக் குறைத்தது வாகனத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிட்ட கியூ.ஆர். அட்டையே.

வாசலில் திருப்பி அனுப்பப்படுவோர் யாவர் என்பதே அடுத்த வினா. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட தமது நூலிலேயே வெறும் விருப்பத்துக்கும் பயனுறுதியுள்ள கேள்விக்கும் வேறுபாடு கண்டார். ஆறு குதிரை பூட்டிய வண்டியை ஏழையொருவனும் விரும்பலாம். ஆயினும் அவ்விருப்பம் சந்தைக்கு ஒரு வண்டியையும் கொண்டுவராது என்றவாறு அவர் விளக்கினார். இவ்விடத்தில் எமது மொழியாட்சி பற்றி ஒன்று கூறத் தோன்றுகின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இப்பொருளியற் கருத்துக்குக் ‘கேள்வி’ என்னும் சொல்லைத் தேர்ந்தன. வினவுதலும் கேள்வி, செவிமடுத்தலும் கேள்வி. வள்ளுவர் அதிகாரம் வகுத்தது பின்னதற்கு. அரச திணைக்களம் கொள்வனவுக்கு விலை கோரும்போது வெளியிடுவதும் கேள்விப்பத்திரம். சந்தையிலே எல்லோரும் கேட்கின்றனர். பணத்தோடு கேட்பவரின் குரலே செவிமடுக்கப்படுகின்றது. மொழிபெயர்த்தோர் இதனை எண்ணியே சொல்லைத் தேர்ந்தனர் என நாம் வாதிக்கவில்லை. ஆனால் தேர்வு பொருத்தமாகவே வாய்த்துவிட்டது.

இனி வரலாற்று நிகழ்வுகளுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தொற்றுக் காரணமாக வாகன ஆலைகள் மூடப்பட்டபோது, வாகனக் கம்பனிகள் தாம் முன்பதிவு செய்திருந்த சில்லுகளை இரத்துச் செய்தன. அவ்விடைவெளியை மடிக்கணினி, கைப்பேசி, விளையாட்டுக் கருவி ஆகியவற்றின் உற்பத்தியாளர் நிரப்பினர். அவ்வாண்டின் இறுதியில் வாகனச் சந்தை எதிர்பாராத வேகத்தில் மீண்டபோது, வாகனக் கம்பனிகள் வரிசையின் கடைசியிலே நிற்பதைக் கண்டன. அவர்களுக்குத் தேவைப்பட்டவை அதிநுட்பச் சில்லுகள் அல்ல. கதவுக் கண்ணாடியையும் தடையையும் எரிபொருட் செலுத்தலையும் கட்டுப்படுத்தும், பழைய தொழில்நுட்பத்திலான, ஒரு சில டொலர் பெறுமதியுள்ள சாதாரணச் சில்லுகள். ஒரு டொலர்ச் சில்லு இல்லாமையால் 40,000 டொலர் வாகனம் அரைகுறையாக நிறுத்தப்பட்டது. 2021இல் உலகம் இழந்த வாகன உற்பத்தி 77 இலட்சம் என்று அவ்வாண்டு செப்டெம்பரில் ஆலோசனை நிறுவனம் ஒன்று மதிப்பிட்டது.

ஹயெக்கின் வெள்ளீயம் போன்று சில்லு நடந்துகொண்டிருப்பின், வாகனக் கம்பனிகள் பத்து மடங்கு விலை கொடுத்து வரிசையின் முன்னால் வந்திருக்கவேண்டும். ஒரு டொலரின் இடத்திலே பத்து டொலர் கொடுப்பது அவர்களுக்கு இழப்பே அல்ல. தரகர்களிடம் சிதறிக்கிடந்த சில்லுகளுக்கு அவ்வாறு பன்மடங்கு விலை கொடுக்கவும் செய்தனர். ஆனால் பிரதான ஓட்டத்தில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் உற்பத்தியின் சமூக அமைப்பிலே உள்ளது. வாகனக் கம்பனி சில்லாலையோடு நேரடியாகப் பேசுவதில்லை. அது பொஷ் போன்ற உதிரிப்பாக நிறுவனத்திடம் வாங்குகின்றது; அந்நிறுவனம் இன்பினியன், ரெனெசாஸ் முதலிய சில்லுக் கம்பனிகளிடம் வாங்குகின்றது; அவை தம் உற்பத்தியில் ஒரு பகுதியை ரி.எஸ்.எம்.சி.யிடம் ஒப்படைக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் முன்கூட்டியே விலை நிர்ணயித்த ஒப்பந்தம் உண்டு. கீழ்நுனியிலே எழும் கூக்குரல் மேல்நுனியை அடையும்போது வெறும் முணுமுணுப்பாகிவிடுகின்றது. 2020இல் ரி.எஸ்.எம்.சி.யின் வருமானத்தில் வாகனத் துறையின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதமே. ஆகவேதான் 2021 ஜனவரியில் ஜேர்மனியின் பொருளாதார அமைச்சர் தாய்வான் அமைச்சருக்குக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. விலை பேசவேண்டிய இடத்தில் இராசதந்திரம் பேசியது.

விலை பேசாதபோது வாங்குவோர் வேறு வழியை நாடுவர். பத்துச் சில்லு தேவைப்படுபவர் இருபதுக்கு முன்பதிவு செய்வார். மூன்று விநியோகத்தரிடம் ஒரே பொருளைக் கேட்பார். தட்டுப்பாடு பற்றிய அச்சமே தட்டுப்பாட்டைப் பெருக்குகின்றது. ஐக்கிய அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, சில்லுகளை வாங்கும் நிறுவனங்களின் கையிருப்பு இடைநிலையளவில் 2019இல் 40 நாட்களுக்குப் போதுமானதாக இருந்து 2021இல் 5 நாட்களுக்கும் குறைவாக வீழ்ந்திருந்தது. தேவைக்கேற்ப அன்றன்று கொள்வனவு செய்து களஞ்சியச் செலவை மிச்சப்படுத்தும் முறையின் மறுபக்கம் இது. அம்முறையைத் தோற்றுவித்த ரொயோட்டா கம்பனியே, 2011ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பின்னர் சில்லுகளைப் பல மாதங்களுக்குச் சேமித்துவைக்கும் வழக்கத்துக்கு மாறியிருந்தமையால், ஏனையோரைவிடப் பிந்தியே பாதிப்புற்றது என்பது சுவையானதொரு முரண்.

இரண்டாவது நிகழ்வு சாதாரண நுகர்வோர் தொடர்பானது. கிராபிக்ஸ் கார்ட் என வழங்கும் வரைகலை அட்டை, கணினி விளையாட்டுக்கெனத் தோன்றியது. 2020 செப்டெம்பரில் என்விடியா தனது 3080 இலக்க அட்டையை 699 டொலர் என்ற அறிவித்த விலையில் வெளியிட்டது. சில நிமிடங்களிலே இணையக் கடைகளில் அது தீர்ந்துபோயிற்று. எதீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தை ‘அகழ்வதற்கு’ அதே அட்டை பயன்பட்டமையால், 2021இல் மீள்விற்பனைச் சந்தையில் அது இருமடங்குக்கும் மேற்பட்ட விலைக்குக் கைமாறியது. கறுப்புச் சந்தைக்காரரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர்கள் அருமையை உண்டாக்கவில்லை. அறிவித்த விலைக்கும் சந்தை தாங்கும் விலைக்கும் இடையிலான வெளியை உரிமையாக்கிக்கொண்டனர், அவ்வளவே. அமெரிக்க இணையக் கடையொன்று அட்டையை வாங்கும் உரிமைக்கே சீட்டுக் குலுக்கத் தொடங்கியது.

என்விடியா ஏன் விலையை 1,400 டொலராக உயர்த்தவில்லை? நாம் கருதுவது இது. நாணய அகழ்வோர் இன்று வந்து நாளை போவோர். விளையாடுவோரோ நிரந்தர வாடிக்கையாளர். அவர்களின் வெறுப்பைச் சம்பாதிப்பதைவிடச் சில மாத இலாபத்தை இழப்பது மேல். எனவே கம்பனி வேறொரு தந்திரத்தை மேற்கொண்டது. 2021 பெப்ருவரியில் வெளிவந்த 3060 அட்டையில் எதீரியம் அகழும் வேகத்தை வேண்டுமென்றே பாதியாகக் குறைத்தது. அகழ்வோருக்கெனத் தனியான அட்டை வரிசையொன்றையும் அறிவித்தது. ஒரு பண்டத்தின் பயன்பெறுமதியைத் திட்டமிட்டுச் சிதைத்தாவது வாங்குவோரை இரு வகுப்பாகப் பிரிக்கும் முயற்சி இது. (அக்கட்டுப்பாட்டை நீக்கும் மென்பொருளை அடுத்த மாதமே கம்பனி தவறுதலாகத் தானே வெளியிட்டுவிட்டது வேறு கதை.) 2022 செப்டெம்பர் 15ஆந் திகதி எதீரியம் அகழ்வு தேவைப்படாத முறைக்கு மாறியது. அட்டைகள் பழைய பொருட் சந்தையிலே குவிந்தன. ஏறத்தாழ இதே காலத்தில், இரட்டை முன்பதிவுகளின் கணக்கும் தீர்க்கப்பட்டது. நினைவகச் சில்லுகளின் விலை சரிந்து, 2023இல் சம்சுங் கம்பனியின் சில்லுப் பிரிவு ஏறத்தாழ 15 ட்ரில்லியன் வொன் நட்டமடைந்தது. பாடநூலின் சமநிலைப் புள்ளியைப் பற்றாக்குறையிலிருந்து மிகைக்குச் செல்லும் வழியிலே சில வாரங்கள் கண்டிருக்கலாம்.

மூன்றாவது நிகழ்வே எலிசனின் இரவுணவுக்கு எம்மை இட்டுச்செல்வது. 2022 இறுதியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பொதுமக்களை அடைந்தபின், அவற்றைப் பயிற்றுவிக்கும் எச்–100 என்னும் சில்லுக்குப் பெருங் கேள்வி எழுந்தது. ஒன்று 25,000 முதல் 40,000 டொலர் வரை விலைபோனதாகச் செய்திகள் கூறின. இம்முறை தடை சில்லை அச்சிடுவதிலன்றி, சில்லையும் உயர்வேக நினைவகத்தையும் ஒரே தளத்தில் இணைத்துப் பொதியும் கட்டத்திலே இருந்தது. அப்பொதியாற்றல் போதாமலிருப்பதாக ரி.எஸ்.எம்.சி.யின் அன்றைய தலைவர் 2023 செப்டெம்பரில் வெளிப்படையாகவே கூறினார். இக்காலத்து என்விடியாவின் கணக்குகள் கவனத்துக்குரியவை. தரவுமையப் பிரிவின் வருமானம் 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 15 பில்லியன் டொலர். அடுத்த ஆண்டில் 47.5 பில்லியன், அதற்கடுத்த ஆண்டில் 115 பில்லியன். மொத்த இலாப விகிதம் 57 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக ஏறியது. விற்பனை விலையில் நான்கில் ஒரு பங்கே செய்கூலியும் பொருளும். எஞ்சியது, மார்க்ஸ் நிலவாடகையை ஆராய்ந்தபோது விளக்கிய மிகையிலாபத்தை ஒத்தது. மற்றவர் எளிதிற் பெறமுடியாத உற்பத்தி நிலைமையொன்றைத் தன்வசம் வைத்திருப்பவருக்குச் சமூகம் செலுத்தும் காணிக்கை அது.

இத்தனை உயர்ந்த விலையிலும் வரிசை நின்றது. அப்படியாயின் விலை இன்னும் உயர்ந்திருக்கவேண்டும் என்று பாடநூல் கூறும். ஆனால் ஏகபோக நிலையிலுள்ள விற்பனையாளருக்குப் பணத்தைவிட மேலானதொன்று வரிசையிலிருந்து கிடைக்கின்றது, அது அதிகாரம். விலையை உச்சிக்கு ஏற்றினால் மிகப் பெரிய நான்கைந்து கம்பனிகளே முழுவதையும் வாங்கிவிடும்; அவற்றுள் கூகிளும் அமேசனும் தத்தம் சொந்தச் சில்லுகளை வடிவமைத்து நாளைய போட்டியாளராகிக்கொண்டிருப்பவை. வரிசையைப் பேணிப் பங்கிடும்போதோ, தன்னையே சார்ந்திருக்கும் புதிய வாடிக்கையாளரை உருவாக்க முடிகின்றது. கோர்வீவ் என்னும் நிறுவனம் இதற்குச் சான்று. முன்னர் எதீரியம் அகழ்ந்துகொண்டிருந்த அது, 2023இல் என்விடியாவின் முதலீட்டைப் பெற்றது, சில்லுகளையும் பெற்றது, அவ்வாண்டு ஓகஸ்டில் அச்சில்லுகளையே ஈடுவைத்து 2.3 பில்லியன் டொலர் கடன் பெற்றது. காணியையும் நகையையும் ஈடுவைக்கும் உலகத்தை நாம் அறிவோம். சில ஆண்டுகளில் பழையதாகிவிடும் ஒரு கருவி ஈடாக ஏற்கப்பட்டதெனின், அதன் அருமை நீடிக்கும் என்பதன்மீதே கடன்கொடுத்தோர் பந்தயம் கட்டினர் என்பது பொருள்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, விலை எதையும் சமப்படுத்துவதில்லை என்று முடிவுகட்டுவோர் அவசரப்படுவர். சில்லை விற்பதைவிட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் துறையில் விலை தன் வேலையை ஒழுங்காகவே செய்கின்றது. அமேசன் 2009 டிசெம்பரில் தன் தரவுமையங்களிலே பயன்படாதிருக்கும் கணினிகளை ஏற்றவிறக்க விலையில் வாடகைக்குவிடத் தொடங்கியது. கேள்வி குறைந்த வேளையில் வாடகை வீழும், மிகும்போது ஏறும், இடத்தை மீளப்பெறும் தேவை எழுந்தால் கணினி பறிக்கப்படும். இதன் விளைவு யாது? இன்றே முடியவேண்டிய பணியுடையோர் அதிகம் கொடுக்கின்றனர். நாளை முடிந்தாலும் சரி என்போர் மலிவான வேளைக்குக் காத்திருக்கின்றனர். ஒரு புதிய சில்லுகூடச் சேராமலே, இருக்கும் சில்லுகள் கூடிய பணியைச் செய்கின்றன. 2023 ஒக்டோபர் இறுதியில் அதே கம்பனி என்விடியாச் சில்லுத் தொகுதிகளை ஒன்று முதல் 14 நாட்களுக்கு முன்பதிவு செய்யும் முறையை, கேள்வி நிரம்பலுக்கேற்ப மாறும் விலையோடு அறிமுகப்படுத்தியது. நிரம்பல் பெருகியதும் வாடகையும் வீழ்ந்தது. 2023இல் சில வழங்குநரிடம் மணிக்கு 8 டொலர்வரை இருந்த எச்–100 வாடகை, 2024 இறுதியில் 2 டொலர் அளவிலும் கிடைத்தது. இதனை ஏமாற்று என்று எவ்வாறு கூறுவது?

எனவே வினாவைத் திருத்தி அமைக்கவேண்டும். அருமையை அறிவிக்கும் பணியை, வருமானத்தைப் பங்கிடும் பணியிலிருந்து பிரிக்க இயலுமா? இதற்கு விடை தரும் அழகிய சோதனையொன்று ஹாவாட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஒரேயொரு பி.டி.பி.–1 கணினி, அதற்குப் பலர் போட்டி. கணினி வரைகலையின் முன்னோடியான ஐவன் சதர்லண்ட் அங்கே கணினி நேரத்துக்கு ஏல முறையொன்றை வகுத்து, 1968 ஜூனில் அதுபற்றி எழுதினார். பயனாளர் ஒவ்வொருவருக்கும் ‘யென்’ எனப்பட்ட கற்பனை நாணயம் குறித்த அளவு வழங்கப்பட்டது. அளவு அவரவர் பணியின் முக்கியத்துவத்தைப் பொறுத்தது. யென் கொடுத்து நேரத்தைக் கேட்கலாம். பகல் நேரத்துக்கு விலை ஏறும், நள்ளிரவு மலியும். பயன்படுத்திய பின் யென் அவரிடமே திரும்பிவிடும். ஏலம் இருந்தது, விலை இருந்தது, விலையால் எவரும் செல்வந்தராகவில்லை. எவருக்கு எத்தனை யென் என்ற வினா ஏலத்தால் தீர்க்கப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அதனை மனிதர் கூடித் தீர்மானித்தனர். அது வெளிப்படையாகவும் இருந்தது. 2009இல் கூகிள் பொறியியலாளர் சிலரும், கம்பனியின் கணினிகளை அதன் உட்பிரிவுகளுக்கிடையே ஏலமுறையிற் பங்கிட்டமை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினர். வெளியே சந்தையைப் போற்றும் கம்பனி, உள்ளே திட்டமிட்ட பாதீட்டை வைத்துக்கொண்டு விலையைக் கணக்குக் கருவியாகவே பயன்படுத்துகின்றது.

இதே உண்மையைச் சோவியத் யூனியனில் கண்டவர் லியொனித் கன்ரறோவிச். ஒட்டுப்பலகை ஆலைகளின் இயந்திர நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்ற நடைமுறைச் சிக்கலை ஆராய்ந்து, 1939இல் அவர் வெளியிட்ட கணித முறை, அருமையான ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு மதிப்பீடு இயல்பாகவே எழுகின்றது எனக் காட்டியது. தனியுடைமை இல்லாவிடினும் அம்மதிப்பீடு மறையாது. இயந்திரம் போதாமையே அதற்குக் காரணம். 1975இல் நோபல் பரிசு பெற்ற இவரது கருத்தைச் சோவியத் பொருளியலாளர் பலர் நீண்டகாலம் ஐயத்தோடு நோக்கினர். அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. பண்டங்களின் விலையைப் பல ஆண்டு அசையாது வைத்தமையால் அருமை விலைப்பட்டியலில் மறைந்து, கடைவாசல் வரிசையிலும் பின்வாசல் அறிமுகத்திலும் வெளிப்பட்டது. விலையை ஒழித்தால் சலுகை ஒழியும் என்று நம்பியோர் இதற்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். எலிசனின் இரவுணவும் ஒருவகைப் பின்வாசலே என்பதையும் மறவாதிருப்போம்.

அரசுகளின் பங்கை இங்கே சுருக்கமாகவே தொட முடியும். 1986 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவும் யப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கை யப்பானிய நினைவகச் சில்லுகளுக்கு அடிமட்ட விலையை விதித்தது; 1988இல் அச்சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அமெரிக்கக் கணினி உற்பத்தியாளரே முறையிட்டனர். 2022 ஓகஸ்டில் அமெரிக்கா தன்னாட்டுச் சில்லுத் துறைக்கு ஏறத்தாழ 52 பில்லியன் டொலரை ஒதுக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதிநுட்பச் சில்லுகள் சீனாவுக்குச் செல்வதைத் தடுத்தது. எவ்வளவு விலை கொடுக்க முன்வந்தாலும் ஒரு நாட்டுக்குப் பண்டம் இல்லை என்னும்போது, சுதந்திரச் சந்தை பற்றிய பேச்சு ஓய்ந்துவிடுகின்றது.

எமது அக்கறைக்கு நெருக்கமானது, பொது ஆய்வுக்கான பங்கீடு. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் 2024 ஜனவரியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், ஆய்வாளர் விண்ணப்பித்துக் கணிப்பாற்றலைப் பெறுகின்றனர்; பணமன்று, ஆய்வின் தகுதியே அங்கு யென். இந்தியா 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபா செலவிலான திட்டத்தை அங்கீகரித்தது. 2025 ஜனவரியில் 18,693 சில்லுகளைத் திரட்டுவதாக அறிவித்து, அரச மானியத்துடன் மணிக்கு 100 இந்திய ரூபாவுக்கும் குறைந்த கட்டணத்தில் ஆய்வாளருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் வழங்க முற்பட்டது. இவை குறைபாடற்றவை அல்ல. விண்ணப்பத்தைத் தரம்பார்ப்போர் யாவர், அவர்கள் எந்த மொழி ஆய்வை முக்கியமென்று கருதுவர் என்பன திறந்த வினாக்களே. ஆனால் அவை கேட்கக்கூடிய வினாக்கள். குழுவொன்றின் முன் எழுந்து நின்று கேட்கலாம். தமிழ்ப் பேச்சுக்கு எழுத்துரு தரும் நிரலைப் பயிற்றுவிக்க விரும்பும் பல்கலைக்கழகத் துறையொன்று, டொலரில் அறவிடப்படும் வாடகைப் பட்டியலிடம் அவ்வாறு எதையும் கேட்க முடியாது.

இதற்கிடையில் அருமை மீண்டும் இடம்மாறியுள்ளது. செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளோடு பொதியப்படும் உயர்வேக நினைவகத்தில் இலாபம் மிகுதி. ஆகவே நினைவகக் கம்பனிகள் தம் சிலிக்கன் தகடுகளை அப்பக்கம் திருப்பின. சாதாரணக் கணினிக்கான நினைவகத்தின் விலை 2025இன் பிற்பகுதியில் வேகமாக ஏறியது. டிசெம்பரில் மைக்ரோன் கம்பனி, ஏறத்தாழ 30 ஆண்டுகளாகச் சில்லறை நுகர்வோருக்கு விற்றுவந்த தனது குரூஷல் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கேள்வியும் நிரம்பலும் மீண்டும் சமப்படுத்தப்படுகின்றன; இம்முறை திருப்பி அனுப்பப்படுவோரில், பழைய கணினிக்கு மேலும் எட்டு ஜிகாபைட் நினைவகம் பொருத்த எண்ணிக் கடைக்குச் செல்லும் மாணவரும் அடங்குவர்.